நாற்பது நாள் பால்

செல்லத்துக்குத் தன் வயிற்றைப் பற்றி ஒரு பெருமை உண்டு. மகள் உமா மகேஸ்வரியைச் சுமந்தபோது பிரசவத்துக்கென்று நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் அம்மா வீட்டுக்குப் போனவள், சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் எட்டாம் மாதம் வரை அம்மாவோடு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். காலை எட்டு மணிக்கு இடுப்பு வலி எடுத்தது. பத்து மணிக்குக் குழந்தை அழுதது. "இவ வயிறு இன்னும் பத்து தாங்கும்" என்று மருத்துவச்சி சொன்னதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கு வழியில்லாமல் போயிற்று. புருஷன் ராக்கப்பன் சாத்தம் மரமில்லில் தினக்கூலியாக இருந்து அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தான். "ஒண்ணு போதும். அத ஒழுங்கா படிக்க வைப்போம்" என்றான். செல்லம் தலையாட்டினாள். அவளுக்குப் போதுமா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை, விஜயகுமாரி. ஐந்து வயசு இளையவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் அவர்களுடையது. அரசாங்கம் அவர்களைக் கச்சாலுக்குக் கப்பலேற்றியது. செல்லம் கைக்குழந்தையாக வந்தாள், விஜி கச்சாலிலேயே பிறந்தாள். அம்மா மருதாயி விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டால், விஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது செல்லத்தின் வேலை. சோறூட்டுவது, பேன் பார்ப்பது, அடிப்பது, அடித்துவிட்டு அணைப்பது எல்லாம் அவள்தான்.

செல்லம் கல்யாணமாகி, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தபின் விஜிக்குக் கச்சாலிலேயே மாப்பிள்ளை அமைந்தது. சுரேந்திரன் கப்பல்துறை ஜெட்டிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தான். பையன் ஒன்று, பெண் ஒன்று. பெண் பிறந்த கையோடு விஜி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். பையனுக்கு ஐந்து, பெண்ணுக்கு இரண்டு வயசானபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் கிறிஸ்துமஸுக்கு நிக்கோபாரிக்காரர்கள் கொடுத்த பன்றிக்கறியில் கொஞ்சத்தை மேட்டில் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வருவதாக, விடிந்ததும் விடியாததுமாக அவள் மட்டும் ஏறிப் போனாள். தூக்குச்சட்டியை இறக்கி வைக்கும்போது நிலம் ஆடியது. கீழே கடல் வந்தபோது சுரேந்திரன் கைக்கு ஒன்றாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கடைசியில் ஒரு தென்னைமரத்தில் அவன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் நிவாரணக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து இறங்கிய மூன்று பேரையும் செல்லம்தான் கூட்டிவந்து தன் பக்கத்து வீட்டில் குடிவைத்தாள். அம்மா அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். விஜி எந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்தாலும் எத்தனை வயசு என்று கேட்பாள். பதில் வந்ததும் மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

கட்டுப்பாட்டு ஆபரேஷனைத் திரும்பச் சரிசெய்யலாம் என்று கேள்விப்பட்டுச் சென்னைக்குப் போனார்கள். சரியாகித்தான் வந்தாள். அடுத்த வருஷம் பிள்ளையும் தங்கியது, ஆனால் தங்கக்கூடாத இடத்தில், குழாயும் கர்ப்பப்பையும் சேரும் மூலையில். மூன்றாம் மாதம் அது வெடித்து, உயிர் பிழைத்ததே பெரிசு என்னும் நிலையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிற்பாடு பார்த்த சென்னை டாக்டரம்மா, "முட்டைப்பை ரெண்டும் நல்லாருக்கு. உங்க ரெண்டு பேரோட கருவை வேறொருத்தர் சுமக்க முடியும்" என்று சொல்லி அனுப்பினாள்.

இதை விஜி செல்லத்திடம் சொன்னது சாத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபெரியில். 2009-ம் வருஷம், சாயங்கால நெரிசல், நிற்கத்தான் இடமிருந்தது.

"மெயின்லேண்டுல காசு வாங்கிட்டு சுமக்குற பொம்பளைங்க இருக்காங்களாம்க்கா. அவ்வளவு காசுக்கு நாங்க எங்க போறது?"

"எதுக்குடி வேற பொம்பள? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

விஜி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இதைக் கேட்பதற்குத்தான் அவள் பேச்சையே எடுத்தாளா என்று செல்லம் பிற்காலத்தில் பல தடவை யோசித்திருக்கிறாள். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ராக்கப்பன் குதித்தான். "டாக்டர் சொல்றது எனக்கு வெளங்குது. நம்ம ஜெட்டியில நிக்கிறவனுக்கு வெளங்குமா? சகலையோட புள்ளய என் பொண்டாட்டி சுமக்குறான்னுதான் பேசுவான்."

"பேசட்டும். அவனா வந்து சுமக்கப் போறான்?"

இரண்டு நாள் அவன் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுரேந்திரன் வந்து வாசலில் நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது கச்சாலிலிருந்து வந்தபின் அவனுக்கு ஏற்பட்ட பழக்கம். அந்தக் கைகள் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுபோல நிற்பான். "வேண்டாம்னா விட்டுருங்கண்ணே" என்றான். ராக்கப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டிக்கெட் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். செத்த பிள்ளைகளுக்காக வந்த நிவாரணத் தொகை தபாலாபீசில் தொடாமல் கிடந்தது. அதைத்தான் எடுத்தார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் 'வாடகைத் தாய்' என்று இருந்தது. செல்லம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நர்ஸைப் பார்த்தாள். "நான் யாருக்கும் வாடகைக்கு விடலம்மா. என் தங்கச்சிக்குத் தர்றேன். வேற ஏதாச்சும் போடுங்க."

"அதுக்குப் பேரே அதுதாங்கம்மா" என்று நர்ஸ் சிரித்தாள். செல்லம் கையெழுத்துப் போட்டாள், ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் தடவை கரு தங்கவில்லை. இரண்டாம் தடவை தங்கியது. கப்பலில் மூன்று நாள் ஆடிக்கொண்டு போகக்கூடாது என்றதால் அக்காளும் தங்கச்சியும் சென்னையில் ஒரு சின்ன அறையில் நாலு மாதம் இருந்தார்கள். விஜி சமைத்தாள், துணி துவைத்தாள், அக்காளுக்குத் தலை வாரிவிட்டாள். கச்சாலில் தான் செய்ததையெல்லாம் தங்கச்சி இப்போது திருப்பிச் செய்கிறாள் என்று செல்லத்துக்குத் தோன்றும். அந்த நாலு மாதம்போல அதற்குப் பிறகு அவர்கள் இருந்ததில்லை.

ஐந்தாம் மாதம் விமானத்தில் பாம்பூஃப்ளாட் திரும்பியதும் ஊர் பேச ஆரம்பித்தது. பக்கத்துக் கடை பெங்காலிக்காரி நேராகவே கேட்டாள்: "தீதீ, கிஸ்கா பச்சா ஹை?" யாருடைய பிள்ளை என்ற அந்தக் கேள்விக்கு, "மேரி பெஹன் கா" என்று செல்லம் வயிற்றைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள். தங்கச்சியுடையது என்று சொன்னதும் கடைக்காரி முகத்தில் வந்த சிரிப்பு செல்லத்துக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயசு உமா, அம்மாவோடு சேர்ந்து ஜெட்டிக்கு நடப்பதை விட்டுவிட்டாள். பத்தடி முன்னால் போவாள்.

விஜியின் கவனிப்பு நாளுக்கு நாள் கெடுபிடியாகிக்கொண்டே போனது. கருவாடு கூடாது, குடம் தூக்கக் கூடாது, மாடிப்படி கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்து, "நேத்து ஒண்ணு போடலியாக்கா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் செல்லத்துக்குத் தாங்கவில்லை. "இங்க பாரு விஜி. உள்ள இருக்கறது உன் புள்ள. வெளிய இருக்கறது நான்."

மறுநாள் விஜி கருவாட்டுக் குழம்பு வைத்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் செல்லமும் ஒன்று செய்திருந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை முதன்முதலாகத் துள்ளியபோது அதைத் தங்கையிடம் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் அப்போதுதான் துள்ளியதுபோலக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிரசவம் சென்னையில் என்று எல்லாம் பேசி வைத்திருந்தார்கள், காகிதங்களும் அங்கேதான் தயாராக இருந்தன. எட்டு மாதம் முடியுமுன்னே ஒரு விடியற்காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. முதல் ஃபெரியில் சாத்தத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோவில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. பதிவு செய்கிற இடத்தில் பேர் என்ன, புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள். ராக்கப்பன் பதற்றத்தில் சொன்னான்: செல்லம், ராக்கப்பன். அப்படியே எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழிலும் அதுவேதான் ஏறியது. பெண் குழந்தை, ரெண்டு கிலோ சொச்சம். திவ்யா என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை எடை ஏறும்வரை பெற்றவளே பால் கொடுக்கட்டும் என்றார் டாக்டர். விஜி யோசித்துச் சொன்னாள். "நாப்பது நாள்க்கா. அதுக்கு மேல வேண்டாம்." செல்லம் ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பால் குடித்து முடித்ததும் விஜி கையை நீட்டுவாள், செல்லம் கொடுத்துவிடுவாள். நாற்பதாம் நாள் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து விஜி முன்பு பார்த்த அபர்தீன் பஜார் துணிக்கடை வேலைக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தது. பால்பவுடர் டப்பாவையும் பாட்டிலையும் குழந்தையையும் செல்லத்திடம் விட்டுவிட்டுக் காலை ஃபெரியைப் பிடிப்பாள். முதல் வாரத்தில் ஒரு நாள் குழந்தை பாட்டிலைத் தள்ளித் தள்ளி அழுதது. அழுகைச் சத்தத்துக்கு செல்லத்தின் ரவிக்கை நனைந்தது. இன்னும் வற்றியிருக்கவில்லை. ஒரு தடவைதானே என்று மாரில் போட்டுக்கொண்டாள்.

ஒரு தடவை, தினமும் என்றாகிவிட்டது. பவுடர் குறையாவிட்டால் தெரிந்துவிடும் என்று அதைப் போட்டு டீ வைத்தாள். "டீ இப்பல்லாம் நல்லாருக்கே" என்றான் ராக்கப்பன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்; சாயங்காலம் விஜி அதைப் பார்த்துவிட்டு, "நல்லா குடிச்சாளாக்கா?" என்பாள். "நல்லா குடிச்சா" என்பாள் செல்லம். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

திவ்யாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் பஜாரில் கடையடைப்பு. விஜி மத்தியானமே திரும்பிவிட்டாள். கதவு சாத்தியிருக்கவில்லை. செல்லம் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்த செல்லம் சேலையை இழுத்து மூடப் போனாள்.

"இருக்கட்டும். குடிச்சு முடிக்கட்டும்" என்றாள் விஜி. எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தை அவசரப்படவில்லை. நடுவில் வாயை எடுத்து எதிரே இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குடித்தது. முடிந்ததும் விஜி எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"எத்தன நாளா?"

"அழுதாடி. பாட்டில தொடவே மாட்டேன்னு..."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"நீ வேலைக்குப் போனதுலேருந்து."

"தெனம் பாட்டிலக் கழுவிக் கழுவிக் கவுத்து வச்சியே. அது யாருக்குக்கா?"

செல்லம் ரவிக்கைக் கொக்கியை மாட்டினாள்.

"எங்கிட்ட கேட்டிருந்தா தந்திருப்பேன்னு வச்சுக்கயேன். நீ கேக்கல. சாயங்காலம் நான் தூக்குனா இவ ஏன் மூஞ்சத் திருப்பிக்கிறா, எனக்குத்தான் தூக்கத் தெரியல போலன்னு நான் தெனம் அழுதுருக்கேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே 'பழகிரும் விஜி'ன்னு சொன்ன."

அது உண்மை. செல்லம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

ஒரு மாதத்தில் சுரேந்திரனுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ஸ்டோர் வேலை கிடைத்தது. கிடைத்ததா, விஜி தேட வைத்தாளா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. போகிற அன்று விஜி வாசலில் நின்றபடி, "வர்றோம்க்கா" என்றாள். குழந்தையை நீட்டவில்லை.

செல்லத்துக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. நெஞ்சு கல்லாக இறுகிக் கிடந்தது. ராக்கப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே நின்றான். பத்தடி முன்னால் நடந்த மகள் உமாதான் எங்கிருந்தோ மல்லிகைப் பூ வாங்கிவந்து, யாரிடமோ கேட்டு வந்தபடி, பால் வற்ற மாரில் வைத்துக் கட்டினாள். துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "வலிக்குதாம்மா?" என்றாள். செல்லம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன். குழந்தை நடக்கிறாள், பேசுகிறாள் என்று சுரேந்திரன் சொல்வான். விஜி பேசினால் மழை, காய்கறி விலை, உடம்பு எப்படி என்பதோடு நின்றுவிடும். செல்லம் பள்ளிக்கூடச் சமையலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹேவ்லாக் போட் கிளம்பும் ஜெட்டிப் பக்கம் போகாமல் நாலு வருஷம் இருந்தாள்.

2014-ல் சுரேந்திரன் தனியாக வந்தான். திவ்யாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். சான்றிதழில் அப்பா அம்மா பேர் வேறு. சென்னைக் காகிதங்களைக் காட்டித் திருத்தித் தரச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாயிற்று, நடக்கவில்லை. தத்துப் பத்திரம் ஒன்று பதிவு செய்வதுதான் சுலபம் என்று வக்கீல் கிருஷ்ணமூர்த்தி சொல்லிவிட்டார்.

"அதாவது, புள்ள எங்களதுன்னு நாங்க எழுதிக் குடுக்கணும். அப்புறம் உங்களுக்குத் தத்து குடுக்கணும்" என்றான் ராக்கப்பன் மெதுவாக. "விஜி ஒத்துக்கிச்சா?"

"ஒரு வாரம் சாப்பிடலண்ணே. எம் புள்ளய நானே தத்தெடுக்கணுமான்னு."

செல்லம் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் இதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒவ்வொரு லீவுக்கும் புள்ள எங்கிட்ட வந்து நிக்கணும். அதையும் அந்தப் பத்திரத்துல எழுதச் சொல்லுங்க."

சுரேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "சொல்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வாரம் பதில் இல்லை. செல்லம் தனக்கு நியாயம் இருப்பதாகவே பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றில் சுமந்தவளுக்கு லீவுக்குப் பார்க்கக்கூட உரிமை இல்லையா என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த உமா சொன்னாள்:

"சென்னையில அந்த நர்ஸ்கிட்ட சண்ட போட்டேன்னு சொல்லுவியேம்மா, வாடகைக்கு விடலன்னு. இப்ப சித்திகிட்ட அந்த வாடகையத்தானே கேக்குற."

செல்லம் கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். பூகம்பத்தில் தாழ்ந்துபோன கீழ் வயல்களில் கடல் ஏறும்போது வந்த உப்புநீர் நின்றது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். மகள்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் அடங்க நாலு நாள் ஆயிற்று. அப்புறம் சுரேந்திரனுக்குப் போன் போட்டு, "எதுவும் எழுத வேண்டாம். என்னிக்கி வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பதிவு ஆபீஸில் விஜி ஒரு ஓரமாக நின்றாள். இளைத்திருந்தாள். வக்கீல் பத்திரத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்: "குழந்தையைப் பெற்ற தாயாகிய செல்லம், தகப்பனாராகிய ராக்கப்பன், மனப்பூர்வமாக..." விஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராக்கப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சுரேந்திரனைப் பார்த்து, "தப்பா நெனைக்காத மாப்ள" என்றான். எதற்காகச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. செல்லம் தன் பெயரை எழுதினாள். நாலு எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, எழுத்தர் சொல்லி, பிறகு வைத்தாள்.

திவ்யா அவள் முழங்காலருகே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். ஹேவ்லாக்கில் வளர்ந்த பிள்ளை, இந்திதான் முதலில் வந்தது. "ஆப் கோன் ஹோ?"

நீங்கள் யார் என்ற அந்தக் கேள்விக்கு விஜிதான் ஜன்னலிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். "பெரியம்மா. அம்மாவோட அக்கா."

"பெரியம்மா" என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாடிப்படியில் விளையாடப் போய்விட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கேட்டுவிட்டுப் பிறகு வேண்டாமென்று விட்ட லீவுகளில் யாரும் வரவுமில்லை. இரண்டு வருஷம் கழித்து உமாவின் கல்யாணத்துக்குத்தான் விஜி குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட் வந்தாள். மூன்று நாள் இருந்தாள், வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தாள். ஆனால் செல்லம் குழந்தைக்குப் பொட்டு வைக்கும்போதும் சடை பின்னும்போதும் விஜி அந்த அறையிலேயே ஏதாவது துணியை மடித்துக்கொண்டு இருந்தாள்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் போர்ட் பிளேரில் விட்டுவிட்டுத் திரும்பும் ஃபெரியில் பெஞ்சில் இடம் கிடைத்தது. திவ்யா செல்லத்தின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். செல்லம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு விஜி கையை நீட்டி, குழந்தையை எழுப்பாமல் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். செல்லம் கொடுத்தாள். கரை நெருங்கும்போது விஜி அக்காளின் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்குக்கண்ணாடி எப்பக்கா போட்ட?"

"ரெண்டு வருஷமாச்சு."

"எனக்குத் தெரியாதே."

"சொல்லல" என்றாள் செல்லம்.